வெண்பாவில் தளை தட்டுவது எங்கே?

வெண்பா எழுத வருகிறவர்கள், சீர்களை (அடியின் உறுப்புகளை) அடையாளம் காட்டும் தேமா, புளிமா வாய்பாட்டைச் சீக்கிரமே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். விதிகளும் கொஞ்சம்தான்: மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். அதாவது வாய்பாட்டுப் பெயர் ‘மா’ என்று முடியும் சீரை அடுத்து வரும் சீர் நிரையசையில் (‘மழை’ போலக் குறிலோடு இன்னோர் எழுத்துச் சேர்ந்தது) தொடங்கவேண்டும்; ‘விளம்’, ‘காய்’ என்று முடிவதை அடுத்து வருவது நேரசையில் (‘மண்’, ‘மா’ போலத் தனி எழுத்து, ஒற்றோடும் வரலாம்) தொடங்கவேண்டும். சீரோடு சீர் இப்படி இணைவதுதான் தளை. கனிச்சீர் கூடாது. ஈற்றடிக்கு மூன்று சீர். அதன் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்று. இவ்வளவு தெரிந்தும் தளை தட்டுகிறது என்றால், வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல் திரையில் இருப்பதை மட்டும் அலகிடுகிறோம் (அசை பிரிக்கிறோம்) என்று பொருள்.

ஒரு குறள் வெண்பா கட்டிப் பார்ப்போம்.

மழைவந்தால் மண்மணக்கும் மாலையில் பிள்ளை
விழைவதெல்லாம் வெங்காய வடை

எதுகை உண்டு, மோனை உண்டு, பொருளும் ருசிதான். முதலடி புளிமாங்காய், கூவிளங்காய், கூவிளம், தேமா, குறையில்லை. கோளாறு கடைசியில். வெங்/கா/ய தேமாங்காய், அடுத்து வரும் ‘வடை’ நிரை. காய்முன் நிரை வந்தால் அது கலித்தளை, ஓசை துள்ளத் தொடங்கிவிடும். கலிப்பாவுக்கு அந்தத் துள்ளல் அழகு. பேசுவது போன்ற வெண்பாவின் செப்பலோசைக்கு ஆகாது.

வடைக்குப் பதில் பஜ்ஜி போடலாமா? ‘பஜ்’ நேரசை, தளை சரியாகிவிடும். ஆனால் காசு வாய்பாட்டுச் சீர் உகரத்தில் முடியவேண்டும். பஜ்ஜி இகரத்தில் முடிகிறது.

‘விழைவதெல்லாம் வீட்டுவடை காண்’ என்றால் இலக்கணம் முழுச் சுத்தம். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தக் ‘காண்’ யாரைக் காணச் சொல்கிறது? இன்று எழுதப்படும் வெண்பாக்களில் பல இப்படிக் காண், பார், ஆம் என்று ஓட்டை அடைத்தவைதான். ‘விழைவதெல்லாம் சுட்ட வடை’ என்று மாற்றுங்கள்: சுட்/ட தேமா, மாமுன் நிரை, ஈற்றில் மலர். வி‑வெ மோனை போய்விடுகிறது, போகட்டும். வெண்பாவுக்கு மோனை அணிதான், தளை அப்படியில்லை.

மென்பொருளை நம்புகிறவர்களுக்கு ஒன்று. ‘அந்தகடை’ என்று ஒரே சீராகத் தட்டச்சு செய்தால் அந்/தக/டை, கூவிளங்காய் என்று பச்சைக்கொடி காட்டும். தமிழில் அங்கே க் மிகும். அந்/தக்/கடை என்று ஆனதும் தேமாங்கனி, வெண்பாவுக்கு விலக்கு. ‘அந்தக் கடை’ என்று இரு சீராகப் பிரித்தால் பிழைக்கலாம், ஆனால் சீர் எண்ணிக்கை ஒன்று கூடிவிடும். குற்றியலுகரம் இதற்கு நேர்மாறு. ‘கண்டு அவன்’ என்று எழுதி இரு சீராக எண்ணியிருப்பீர்கள். சொல்லும்போது அது ‘கண்டவன்’, ஒரே கூவிளம். அடியில் ஒரு சீர் காணாமல் போயிருக்கும். எனவே முதலில் புணர்த்துங்கள், பிறகு அலகிடுங்கள்.

ஐகாரத்தையும் கவனிக்கவேண்டும். சொல்லின் இடையிலும் கடையிலும் அது குறுகுவதால் ‘மாலையில்’ மா/லையில் என்றே பிரியும்.

ஈற்றடியை முதலில் எழுதுவது நல்லது. அது ‘விழை’ என்று நிரையில் தொடங்கினால் மேலடி மாச்சீரில்தான் முடியவேண்டும். மேலே ‘பிள்ளை’ வந்தது அதற்காகத்தான். அந்த இடத்தில் ‘குழந்தைகள்’ போட்டால் குழந்/தைகள் கருவிளம்: ‘மாலையில்’ என்ற விளத்துக்குப் பின் நிரையாக வந்து ஒருமுறை தட்டும், ‘விழை’க்கு முன் விளமாக நின்று இன்னொரு முறை தட்டும்.