பத்திரங்களைக் கொடுத்தோம், ரசீது வாங்கவில்லை

மதுரை செல்லூரில் அப்பா 1987-இல் வாங்கிய வீட்டை, அவர் மறைந்த பிறகு விற்றுவிடுவதென்று அம்மாவும் நானும் தங்கையும் சேர்ந்து முடிவெடுத்தோம். கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம், வாரிசுச் சான்றிதழ், வீட்டுவரி ரசீதுகள் என எல்லாவற்றையும் அப்பா பயன்படுத்திய மஞ்சள் பையிலேயே வைத்து, நகரில் பெயர் பெற்ற ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் அம்மா தம் கையாலேயே ஒப்படைத்தார். அவர்கள் ரசீது தரவில்லை; நாங்களும் கேட்கவில்லை.

அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மூன்று மாதக் கெடுவில் கிரய ஒப்பந்தம் போட்டோம். அதன்பின் இரண்டரை மாதங்கள், “சார் கோர்ட்டில் இருக்கிறார்” என்று குமாஸ்தா சொன்னதைத் தவிர வேறு பதிலே கிடைக்கவில்லை. கெடு முடிய 12 நாட்கள் இருக்கும்போது வந்த பத்திர வரைவின் தபசிலில், அதாவது சொத்தின் எல்லைகளைச் சொல்லும் பகுதியில், எங்கள் வீட்டுக்கு வடக்கே பொதுப்பாதை இருப்பதாக எழுதியிருந்தது. வடக்கே இருப்பது பக்கத்து வீட்டுச் சுவர். அம்மா முப்பது வருடமாக அந்தச் சுவரோரம் உட்கார்ந்துதான் பூக்கட்டினார். வேறு யாருடைய பத்திரத்திலிருந்தோ அப்படியே எடுத்துப் போட்ட வரி அது. எங்கள் கண்ணுக்கும் தப்பிய அந்தப் பிழையை, வாங்குபவருக்குக் கடன் தரவிருந்த வங்கியின் வழக்கறிஞர் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார். திருத்தி வாங்குவதற்குள் கெடு கடந்துவிட்டது. கையெழுத்துக்காகக் கோவையிலிருந்து இரண்டு முறை விடுப்பெடுத்து வந்த தங்கை வெறுங்கையோடு திரும்பினாள். வாங்குபவர் விலகிக்கொண்டார், தாமதம் எங்கள் பக்கம் என்பதால் அட்வான்ஸ் முழுவதையும் திருப்பிக் கொடுத்தோம்.

போதும், பத்திரங்களைத் தாருங்கள் என்று கேட்டபோது, மீதிக் கட்டணம் 25,000 ரூபாயைக் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். நுகர்வோர் நீதிமன்றம் செல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வழக்கறிஞர்களின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வழக்கறிஞர் கட்சிக்காரரின் நேரடிக் கட்டுப்பாட்டில் இயங்குபவர் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. வழக்காடும் பணிக்கு அது பொருந்தலாம். தொலைபேசியில்கூடப் பிடிக்க முடியாத ஒருவரை, ஒரு கிரயப் பத்திரம் எழுதும் வேலையில், நாங்கள் எந்த விதத்தில் கட்டுப்படுத்தினோம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மிஞ்சுவது, 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆவது பிரிவின்படி மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுப்பது. அங்கே விசாரிக்கப்படுவது தொழில் ஒழுங்கீனம். தாமதம், கவனக்குறைவு, பதில் சொல்லாமை என்று எங்களைப் போன்றவர்கள் அன்றாடம் படும் பாட்டை ஒழுங்கீனம் என்று நிரூபிப்பது எளிதல்ல. நிரூபித்தாலும் தண்டனை வழக்கறிஞருக்குக் கிடைக்குமே தவிர, எங்கள் நஷ்டம் ஈடாகாது. அதற்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். எழுபது வயதைக் கடந்த அம்மாவை அங்கே அலைய வைக்க எனக்கு மனமில்லை. இத்தகைய சிறிய சேவைக் குறைகளை விரைந்து விசாரித்து இழப்பீடு வழங்க ஓர் அமைப்பு கட்டாயம் வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

பத்திரங்கள் விஷயத்தில் மட்டும் சட்டம் எங்கள் பக்கம் நின்றது. கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை, தர மறுப்பது தொழில் ஒழுங்கீனமே என்று 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு, ஆவணங்களின் பட்டியலையும் இணைத்து, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். பதினோராம் நாள் பை திரும்பி வந்தது. அப்பா ஒரு துளைகூடப் போடாமல் காத்த தாய்ப் பத்திரத்தின் ஓரத்தில் கோப்பில் கோர்ப்பதற்காக இரண்டு துளைகள் குத்தியிருந்தார்கள். அம்மா அவற்றை விரலால் தடவிப் பார்த்தாரே தவிர எதுவும் பேசவில்லை.

சென்ற வாரம் வேறொரு வழக்கறிஞரிடம் போனோம். மூலப் பத்திரங்களை ஒப்பிட்டுப் பார்த்து எங்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, நகல்களை மட்டும் வைத்துக்கொண்டார். அந்த நகல்களுக்கும் அவருடைய ஜூனியர் ரசீது எழுதினார். அம்மா அதை என்னை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே பையில் வைத்தார்.