செத்த டிஸ்க்கை நீக்கும் முன் பட்டியலை எடுங்கள்

பல கணினிகளில் பரவிக்கிடக்கும் கோப்பு முறைமையிலிருந்து ஒரு செத்த டிஸ்க்கை நீக்க ஒரே ஒரு கட்டளை போதும். அந்த எளிமைதான் எனக்கு ஆத்திரத்தை மூட்டுகிறது.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் சிலர் சேர்ந்து, மூடப்பட்ட தோட்டங்களின் பழைய படங்களையும் தாள்களையும் ஸ்கேன் செய்து சேர்த்துவருகிறோம். தொழிலாளர்கள் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் எடுத்த படங்கள், தமிழ்ப்பள்ளி வருகைப் பதிவேடுகள், தீமிதித் திருவிழா அழைப்பிதழ்கள், 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குத் தாள்கள் என்று பலதும் உண்டு. அத்தனையும் சில பழைய கணினிகளை இணைத்து அமைத்த கிளஸ்டர்எஃப்எஸ் (GlusterFS) என்ற கோப்பு முறைமையில் இருக்கின்றன. அமைத்துக் கொடுத்த கடை, இடம் மிச்சமாகும் என்று நகலே இல்லாமல் அமைத்துவிட்டது. ஒவ்வொரு கோப்பும் ஏதோ ஒரு டிஸ்க்கில் மட்டுமே இருக்கும்.

அவற்றில் ஒன்று போன மாதம் செத்தது. ஸ்கேன் செய்யும் பையன்தான் முதலில் சொன்னான்: "அண்ணே, சில படம் ஏறவில்லை. பெயரை மாற்றிப் போட்டால் ஏறிவிடுகிறது." நோயின் அடையாளமே அதுதான். கிளஸ்டர்எஃப்எஸ்ஸில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் தனிக் கணினி கிடையாது. கோப்பின் பெயரைக் கணக்கிட்டு, வரும் எண்ணைப் பார்த்து, அது எந்த டிஸ்க்குக்கு உரியது என்று முடிவுசெய்கிறது. செத்த டிஸ்க்கின் பங்கில் விழும் பெயரை மறுக்கிறது, வேறு பெயர் கொடுத்தால் வேறு டிஸ்க்கில் ஏற்றுக்கொள்கிறது. இதை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் ஆனந்த் பாபு பெரியசாமி. 2011இல் ரெட் ஹாட் என்ற மென்பொருள் நிறுவனம் அவருடைய கிளஸ்டர் நிறுவனத்தை ஏறக்குறைய 136 மில்லியன் டாலருக்கு வாங்கியது. அழகான வடிவமைப்பு என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை.

ஆனால் பழைய கோப்புகளின் கதி வேறு. செத்த டிஸ்க்கில் இருந்தவை, கோப்புறையைத் திறந்தால் கண்ணில் படுவதே இல்லை. பிழைச் செய்தியும் வராது. எண்பது படங்கள் இருந்த கோப்புறையில் அறுபது இருந்தால், அறுபதுதான் எப்போதும் இருந்தது போலத் தோன்றும். இதே வகையைச் சேர்ந்த இன்னொரு கோப்பு முறைமையான லஸ்டர் (Lustre) அப்படியல்ல. அங்கே பெயர்கள் தனி சர்வரில் இருப்பதால், தரவு வைத்திருந்த டிஸ்க் போனாலும் பெயர் நிற்கும். திறந்தால் பிழை வரும், எரிச்சலாக இருக்கும். ஆனால் எது போனது என்று தெரியும். எந்தெந்தக் கோப்புகள் அந்த டிஸ்க்கைத் தொட்டன என்று தேடிப் பட்டியலிடவும் அதில் வழி உண்டு. எனக்கு அந்த எரிச்சலே மேல்.

இந்த நிலையில் எங்களுக்கு வந்த ஆலோசனை: "ஃபோர்ஸ் போட்டு நீக்கிவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்." ஃபோர்ஸ் (force) என்பது கட்டாயமாகச் செய் என்று கட்டளையோடு சேர்க்கும் சொல். அவர்கள் சொன்னது உண்மைதான். சாதாரணமாக நீக்கச் சொன்னால், அந்த பிரிக் (டிஸ்க்குக்கு அது வைத்த பெயர்) ஓடவில்லை, வேண்டுமானால் ஃபோர்ஸ் போடு என்று கிளஸ்டர்எஃப்எஸ்ஸே சொல்கிறது. போட்டால் எச்சரிக்கை நின்றுவிடும், புதிய படங்கள் ஏறும். தோட்டத்துச் செக்ரோலில், அதாவது ஆள் கணக்குப் பதிவேட்டில், ஒரு பெயரை அடித்துவிட்டால் கணக்கு எழுதும் கிராணிக்குக் கணக்கு நேராகிவிடும், ஆள் எங்கே போனான் என்று செக்ரோல் சொல்லாது. இந்த நீக்கமும் அப்படிப்பட்டதுதான்.

இந்த ஆலோசனை எங்கிருந்து வருகிறது என்றும் தெரியும். மூன்று நகல் வைத்திருக்கும் இடங்களில் அது சரி. செஃப் (Ceph) என்ற இன்னொரு சேமிப்பு மென்பொருளில் ஒரு டிஸ்க் விழுந்தால், இயல்பான அமைப்பில் 600 வினாடி பார்த்துவிட்டு, அதை ஒதுக்கிவைத்து, மற்ற நகல்களிலிருந்து தானே மீண்டும் கட்டிக்கொள்ளும். நகல் வைத்த கிளஸ்டர்எஃப்எஸ்ஸிலும் புதிய டிஸ்க்கை மாற்றிக் கொடுத்தால் நல்ல நகலிலிருந்து நிரப்பிக்கொள்ளும். அங்கே ஃபோர்ஸ் என்பது வழக்கமான வேலை. நகல் இல்லாத இடத்தில் அதே சொல், போனது போகட்டும் என்று கையெழுத்துப் போடுவது. பெரிய நிறுவனத்தின் பழக்கத்தை எடுத்துவந்து, ஒரே பிரதியாக இருக்கும் படங்களின் மேல் ஏவுவதை என்னால் ஏற்க முடியாது.

நாங்கள் செய்தது இது. ஸ்கேன் பதிவேட்டையும் இப்போது தெரியும் கோப்புகளையும் ஒப்பிட்டு, காணாதவற்றின் பட்டியலை முதலில் எழுதினோம். பதிவேடு தாளில் இருந்ததுதான் காப்பாற்றியது. பிறகு டிஸ்க்கைக் கழற்றி, டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மீட்பு மென்பொருள் கொண்டு வேறொரு டிஸ்க்கில் படியெடுக்கத் தொடங்கினோம். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளைப் பிறகு திரும்பத் திரும்ப முயலும். எங்கே நின்றது என்று குறித்துவைப்பதால், இடி மின்னலில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கிளஸ்டர்எஃப்எஸ் இங்கே ஒரு பெரிய உதவி செய்கிறது: சாதாரணமாகக் கோப்புகளைத் துண்டு போடாமல், முழுக் கோப்பாகவே டிஸ்க்கில் வைத்திருக்கும். படியைத் திறந்தால் படங்கள் படங்களாகவே கிடைக்கின்றன.

மீட்டதை மற்ற டிஸ்க்குகளுக்குள் நேரடியாகப் போடக் கூடாது. வழக்கமாகப் படம் ஏற்றும் வழியிலேயே ஏற்ற வேண்டும், அப்போதுதான் அதற்குரிய இடத்தில் போய் உட்காரும். உள்ளே மறைந்திருக்கும் கிளஸ்டர்எஃப்எஸ் கோப்புறையையும், கோப்பு வேறு டிஸ்க்கில் இருக்கிறது என்று காட்டும் வழிகாட்டிகளாக மட்டும் கிடக்கும் வெற்றுக் கோப்புகளையும் விட்டுவிட வேண்டும். மீட்டதை ஏற்றும் முன் செத்த டிஸ்க்கை நீக்க வேண்டும், ஆனால் படியெடுத்து முடித்த பிறகே. நீக்கியதும் ஃபிக்ஸ்-லேஅவுட் (fix-layout) என்ற கட்டளையை ஓட்டிவிட வேண்டும், அதன் பங்கில் இருந்த பெயர்கள் மற்ற டிஸ்க்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும்.

படியெடுப்பு இன்னும் ஓடுகிறது. எல்லாம் மீளாது என்று டிஸ்க் போடும் சத்தத்திலேயே தெரிகிறது. காணாமல் போனவற்றின் பட்டியலை மண்டபத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம், கீழே கருத்துப் பகுதியிலும் போடுகிறேன். உங்கள் வீட்டுப் படம் அதில் இருந்தால் மூலப் படத்தைத் தயவுசெய்து தூக்கிப்போட்டுவிடாதீர்கள். மறுபடி ஸ்கேன் செய்ய நாங்களே வீட்டுக்கு வருகிறோம். இந்த முறை ஒவ்வொன்றும் இரண்டு டிஸ்க்கில் இருக்கும், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எந்தப் பக்கம் சரி என்று தீர்க்க மூன்றாவது கணினி ஒன்றும் இருக்கும். அதற்கு இரண்டு பெரிய டிஸ்க்குகள் குறைகின்றன. வாங்கித் தர முடிந்தவர்கள் எனக்குத் தகவல் அனுப்புங்கள்.