பாஸ் செத்துட்டான், பூட்டு மட்டும் சாகல

"இந்த இடத்திலிருந்து ஃபாஸ்ட் டிராவல் செய்ய முடியாது."

நேத்து ராத்திரி மட்டும் இந்த வரியையும் இதோட தம்பி தங்கச்சிகளையும் பதினோரு தடவை படிச்சிருக்கேன். ஃபாஸ்ட் டிராவல்னா, கேம்ல நடக்காம மேப்பைத் தட்டி வேற இடத்துக்கு ஒரே தாவா போறது. எந்த கேம்னு பேர் சொல்லப் போறதில்லை. சொன்னா "உனக்கு ஆடத் தெரியல"ன்னு கிளம்பி வர ஒரு கூட்டம் இருக்கு, அவங்களோட மல்லுக்கட்ட இப்போ தெம்பில்லை. ஆக்‌ஷன் ஆர்பிஜி, அதாவது ஒரு ஆளை வளர்த்து சண்டைக்கு அனுப்புற கேம். வாள், மந்திரம், டிராகன், எல்லாம் உண்டு. அவ்வளவு போதும்.

மணி 11.40. நாலு மாடி ஆழத்துக்கு இறங்குற டன்ஜன், அதாவது எதிரிங்க நிறைஞ்ச நிலவறை. அடியில இருந்த பாஸை, அதான் அந்த இடத்தோட பெரிய வில்லனை, ஒன்பதாவது முயற்சியில சாய்ச்சுட்டேன். கை நடுங்குது, வாயெல்லாம் பல்லு. ஊருக்குப் போய் குவெஸ்ட்டை (எனக்குக் கொடுத்த வேலையை) முடிச்சு, லூட்டை (அள்ளின சாமானை) வித்துட்டுப் படுத்துடலாம், அஞ்சு நிமிஷ வேலைன்னு மேப்பைத் திறந்தேன். ஊர் ஐகான் பளிச்சுன்னு தெரியுது. கர்சரை மேல கொண்டு போனா பெருசாகி ஒரு சின்ன சத்தம் வேற. அழுத்தினேன். "இங்கே பயணிக்க வேண்டுமா?"ன்னு கேட்டுச்சு. கவனிங்க, அதுவா கேட்டுச்சு. ஆமான்னேன். மேப் மூடிச்சு. திரை ஒரு நொடி கறுத்துச்சு. திரும்பப் பார்த்தா அதே குகை, அதே பொணம், கீழே அந்த வரி.

முடியாதுன்னா எதுக்குடா கேட்ட? ஐகானை சாம்பல் நிறத்துல போட்டுத் தொலைச்சிருந்தா அழுத்தியே இருக்க மாட்டேனே. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்னு சொல்லுவாங்க. இங்க பூசாரி தட்டை நீட்டி "என்ன வேணும்?"னு கேட்டுட்டு கையைத் தட்டி விடுறான்.

சரி, நடப்போம்னு கிளம்பினேன். ஓட முடியாது. எடை வரம்பு 300, என் முதுகுல 341. பாஸ் அறையில கிடைச்சதை எல்லாம் அள்ளினதுக்குத் தண்டனை. அதனால நடை. நாலு மாடி. வழியெல்லாம் ஒரு மணி நேரம் முன்னாடி நானே வெட்டிப் போட்ட எலும்புக்கூடுங்க, விழுந்த கோணத்துலயே கிடக்குதுங்க. மூணாவது மாடியில ஒருத்தன் கால் சுவருக்குள்ள பாதி புதைஞ்சு, தானா துள்ளிட்டு இருந்தான். அந்த நிலவறையில என்னைத் தவிர அசையுற ஜீவன் அந்தக் கால் ஒண்ணுதான். அடுத்து அந்தக் கல்கதவு. இறங்கும்போது ரெண்டு கையாலயும் தள்ளித் திறக்குற அனிமேஷன் ஓடுச்சு, அழகா இருக்கேன்னு ரசிச்சேன். ஏறி வந்து பார்த்தா கதவு தானா மூடியிருக்கு! மறுபடி தள்ளு. மறுபடி அதே அனிமேஷன். இப்படி ஆறு கதவு.

தடையே கூடாதுன்னு சொல்ற ஆள் நான் இல்லை. சண்டை நடுவுல மேப்பைத் திறந்து ஊருக்குப் பறந்துடலாம்னா அப்புறம் எதுக்கு சண்டை? தப்பிக்க வழியில்லைங்கிற பயம்தான் டன்ஜனோட உயிரே. எல்டன் ரிங் (2022) ஆடினவங்களுக்கு அந்தப் பெட்டி மறக்காது. அகீல் ஏரிக்கரை இடிபாடுல கீழ்த்தளத்துக்கு இறங்கி, ஆசையா ஒரு பெட்டியைத் திறப்போம். புகை வரும். கண்ணைத் திறந்தா கேலிட்ங்கிற பயங்கரமான பகுதியில எங்கேயோ ஒரு படிகச் சுரங்கத்துக்குள்ள கிடப்போம். லெவல் பத்துகூட ஆகியிருக்காது, அங்க இருக்கிறவன் ஒரு அடி அடிச்சா ஆள் காலி. மேப்பைத் திறந்தா பயணம் கிடையாது. அந்த நிமிஷத்துல அடிவயிறு கலங்கும் பாருங்க, அதுக்காகத்தான் அந்தத் தடை. ஆனா ஒளிஞ்சு நெளிஞ்சு சுரங்கத்தை விட்டு வெளியே காலை வெச்சா தடை போயிடும். சின்ன குகைகள்ல பாஸை முடிச்சாலும் அப்படித்தான். ஆபத்து இருக்கிற வரைக்கும் பூட்டு, ஆபத்து போனா பூட்டும் போச்சு. நான் கேட்கிறது இந்த ஒண்ணைத்தான்.

டார்க் சோல்ஸ் (2011) இன்னும் கறார். லார்ட்வெஸல்ங்கிற பாத்திரம் கைக்கு வர்ற வரைக்கும், அதாவது கதையில பாதி தூரம், தாவுறதுங்கிற பேச்சே இல்லை. அதுக்காக யாரும் அழல. ஏன்? உலகத்தையே மடிச்சு வெச்சிருந்தாங்க. மணி நேரக்கணக்கா முட்டி மோதி அண்டெட் பாரிஷ் தேவாலயத்துக்கு வந்து ஒரு லிஃப்ட்ல ஏறினா, அது நேரா ஆரம்பத்துல பார்த்த ஃபயர்லிங்க் ஷ்ரைன்ல கொண்டுபோய் இறக்கும். அட, இதுக்குக் கீழதான் அது இருந்துச்சான்னு வாயைப் பிளந்தவங்க எத்தனை பேரு! ஸ்கைரிம் (2011) குகைக்குள்ள இருந்தும் மேப்ல தாவ விடாதுதான். ஆனா முக்கால்வாசி குகைகள்ல கடைசி அறைக்குப் பக்கத்துல ஒரு ரகசியக் கதவோ மேடையோ இருக்கும், ஒரு நிமிஷத்துல வாசலுக்கு வந்துடலாம். கட்டினவங்க யோசிச்சிருக்காங்க: இந்த ஆள் உள்ளே வந்தான், திரும்பிப் போகணுமேன்னு. என் கேமைக் கட்டினவங்க இறங்குற வழியைப் போட்டுட்டு சாப்பிடப் போயிட்டாங்க.

இதை ஒரு நண்பன்கிட்ட புலம்பினா, "மச்சான், அது இம்மர்ஷனுக்காகடா"ன்னான். அதாவது நிஜ உலகத்துக்குள்ளயே இருக்கிற மாதிரி தோணணுமாம். எந்த இம்மர்ஷன்? வெளியில மலை உச்சியில நின்னு மேப்பைத் தட்டினா, குதிரையோட சேர்த்து அடுத்த தேசத்துல இறக்கி விடுற கேம் இது. பதினாலு இரும்பு வாளைச் சட்டைக்குள்ள செருகி வெச்சிருக்கேன், அதுக்கு ஒண்ணும் சொல்லல. குகைக்குள்ள மட்டும் யதார்த்தம் முளைச்சிடுதாம்! நிஜமாவே அப்படி ஒரு உலகம் வேணும்னா மாரோவிண்ட் (2002) மாதிரி பண்ணணும். மேப்பைத் தட்டித் தாவுறதே கிடையாது. சில்ட் ஸ்ட்ரைடர்னு ஒரு ராட்சசப் பூச்சி மேல காசு கொடுத்து ஏறணும், இல்ல படகு, இல்ல மேஜஸ் கில்ட்ங்கிற மந்திரவாதிகள் சங்கத்துல ஆளைப் பிடிச்சு அனுப்பச் சொல்லணும். கூடவே மார்க், ரீகால்னு ரெண்டு மந்திரம். ஒரு இடத்தைக் குறிச்சு வெச்சா, எந்தப் பாதாளத்துல இருந்தும் அங்க வந்து விழலாம். அதுல திட்டம் போட்டு வீடு திரும்புறதே ஒரு ஆட்டம்.

டிராகன்ஸ் டாக்மா 2 (2024) வரும்போது அதோட இயக்குநர் இட்சுனோ, பயணம் போரடிச்சா அது உங்க கேம் போரடிக்கிறதாலதான்னு சொன்னார். நியாயமான பேச்சு. அதுல மாட்டு வண்டியில தூங்கிட்டே போனா நடுவழியில பேய்ப்பசி பிடிச்ச எதுவாவது வந்து வண்டியையே உடைச்சுப் போடும், அதுவும் ஒரு கதைதான். (அதே கேம் வெளியான நாள்லயே தாவிப் போக உதவுற போர்ட்கிரிஸ்டல் ஒண்ணைத் தனிக் காசுக்கு வித்தாங்க. அது வேற வயித்தெரிச்சல்.) ஃபால்அவுட் 4-ல சர்வைவல் மோடுங்கிற கஷ்டமான ஆட்டமுறையைப் போட்டா ஃபாஸ்ட் டிராவலே அநேகமா கிடையாது, தூங்கி எழுந்தாதான் சேவ். ஆனா அது நானே கேட்டு வாங்குற அடி. என் கேம்ல நான் எதையும் கேட்கல.

இவ்வளவும் யோசிச்சுக்கிட்டே வாசலுக்கு வந்துட்டேன். நிலா வெளிச்சம், மரம், காத்து. அப்பாடான்னு மேப்பைத் திறந்தேன்.

"அதிக சுமையுடன் ஃபாஸ்ட் டிராவல் செய்ய முடியாது."

சரிதான், அதை மறந்துட்டேன். ஸ்கைரிம்லயும் இது உண்டு, ஆனா குதிரை மேல ஏறி உட்கார்ந்துட்டா தடை விட்டுடும். பாரம் குதிரைக்குன்னா பரவாயில்ல போல. இங்க அந்தக் கருணையும் இல்லை. எத்தனை எடை குறைக்கணும்னு அந்த வரியிலயே சொன்னா என்ன குறைஞ்சா போகும்? சொல்லாது. நான் இன்வென்டரி (சாமான் பட்டியல்) போய்ப் பார்த்து, கழிச்சு, காலி புட்டி, துருப்பிடிச்ச கேடயம், எதுக்கு எடுத்தேன்னே தெரியாத மூணு மெழுகுவர்த்தித் தாங்கி, ஒவ்வொண்ணா கீழே போட்டேன். போடும்போது ஒவ்வொண்ணுக்கும் "உறுதியா?"ன்னு கேட்டுச்சு. கடைசியில 299. வாசல் குப்பைமேடு ஆயிடுச்சு. மேப். ஊர். ஆமாம்.

"அருகில் எதிரிகள் இருக்கும்போது ஃபாஸ்ட் டிராவல் செய்ய முடியாது."

யாரு? எங்க? சுத்திச் சுத்திப் பார்த்தேன். ஒரு ஈ, காக்கா இல்லை. காம்பஸ்ல மட்டும் வடகிழக்கே ஒரு சின்ன சிவப்புப் புள்ளி. அதை நோக்கிப் போனேன். பாறை. பாறையைச் சுத்தினேன், புள்ளி இப்போ தென்மேற்கே. பாறை மேல ஏறினேன். புள்ளி எனக்கு நேர் கீழே. காதை வெச்சுக் கேட்டா, கீச் கீச்னு சத்தம்.

எலி. பாறைக்குள்ள சிக்கின ஒரு எலி.

வாளால வெட்டினேன், பாறையில தீப்பொறி. தீ மந்திரம் போட்டேன், பாறை கறுத்துச்சு. அம்பு பதினெட்டு. அதுவும் வெளியே வராது, நானும் உள்ளே போக முடியாது. நானே பாஸ்கிட்ட இருந்து பறிச்ச, மூணு தேசத்தையும் நடுங்க வெச்ச கோடாரி வேற இடுப்புல தொங்குது. புள்ளியை விட்டுத் தள்ளி நடந்தா விட்டுடுமோன்னு ஒரு நிமிஷம் ஓடிப் பார்த்தேன். ஓடின வழியில ரெண்டு ஓநாய் சேர்ந்துக்கிச்சு. அதுங்களைக் கொன்னேன். புள்ளி அப்பவும் இருக்கு. எலிக்கு என்னை மறக்கவே மனசு வரல போல.

டையாப்லோ 2-ல, அதுவும் 2000-ல வந்த கேம், டவுன் போர்ட்டல் சுருள் ஒண்ணைக் கிழிச்சா அரக்கன் முன்னாடியேகூட நீலக் கதவு திறக்கும். ஊருக்குப் போய் வித்துட்டு, அதே கதவு வழியா அதே இடத்துக்குத் திரும்பி வரலாம். அத்தனை வருஷம் முன்னாடியே அந்த வசதி. இங்க ஒரு எலி என்னை வழிமறிச்சு நிக்குது.

மணி 1.10. சேவ் பண்ணிட்டு அணைச்சுட்டேன். ஆள் இன்னும் அந்தப் பாறை மேலதான் நிக்கிறான், கையில வில்லோட.