முட்டிக்கு நடக்கிற சண்டை

விசுவமடுவில் இருந்து ஒரு தம்பி நேற்றிரவு இன்பொக்ஸில் படம் ஒன்று அனுப்பியிருந்தான். பெங்கலீஸ் குஞ்சு (பெங்கலீஸ், சீப்ரா, ஜாவா எல்லாம் கூட்டில் வளர்க்கிற, தினை தின்னுகிற குருவிகள்). உச்சந்தலை மொட்டை, பின்கழுத்தில் காய்ந்த இரத்தம். "அண்ணை, இந்த சீப்ரா பொல்லாத சாதி போல கிடக்கு. எல்லாத்தையும் வித்துப்போட்டு, ஜாவாவையும் பெங்கலீஸையும் மட்டும் வைச்சிருக்கட்டோ? இல்லாட்டி கொஞ்ச லவ் பேர்ட்ஸை உள்ள விடட்டோ?"

அவனுக்கு நாலு வரி எழுதத்தான் தொடங்கினேன், நீண்டுவிட்டது. வன்னியில் இப்போது கன வீட்டு வளவுகளில் கம்பிவலைக் கூடு நிற்கிறது, அதனால் எல்லோரும் பார்க்க இங்கேயே போடுகிறேன். என்னைக் கேட்டால் பிழை குருவியில் இல்லை, கூடு அடித்தவனில். நானும் அந்தப் பிழையை விட்டவன்தான்.

என் முதல் கூடு எட்டடி நீளம், ஐந்தடி அகலம், மேலே கிடுகு. சீப்ரா மூன்று சோடி, பெங்கலீஸ் இரண்டு சோடி, ஜாவா ஒரு சோடி. "எல்லாம் தினை தின்னுற சாமான்தானே, ஒண்டா விடுங்கோ, ஒண்டும் செய்யாது" என்றுதான் விற்றவர் சொன்னார். ஆறு சோடிக்கு, முட்டை இட என்று ஆறு மண் முட்டி கட்டினேன். கணக்குச் சரி என்று நினைப்பு.

எல்லாவற்றுக்கும் வேண்டியிருந்தது கிடுகுக்குக் கீழே ஆக உயரத்தில் தொங்கிய ஒரே ஒரு முட்டிதான். அதில் பெங்கலீஸ் முந்தி ஏறி ஐந்து முட்டை இட்டுவிட்டது. ஒருநாள் விடியப்புறம் பார்க்கிறேன், செங்கன்னம் வைத்த சீப்ரா ஆண் ஒன்று தும்பை ஒவ்வொரு இழையாகக் கொண்டுபோய் அந்த முட்டிக்குள்ளேயே திணிக்கிறது. பெங்கலீஸ் சண்டைக்கு வரவில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு இருந்தது, கொத்து விழ விழ மூலைக்கு ஒதுங்கியது, கடைசியில் வெளியே வந்துவிட்டது. பிறகு நான் முட்டியை இறக்கிப் பார்த்தபோது இடியப்பத் தட்டு அடுக்கினது போல இருந்தது: அடியில் குளிர்ந்துபோன ஐந்து முட்டை, நடுவில் தும்பு, அதற்கு மேலே சீப்ராவின் முட்டை நாலு.

அந்த ஆணை நானும் திட்டித் தீர்த்தேன். பிறகுதான் யோசித்தேன். சீப்ரா அவுஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துக் குருவி. அங்கே மழை பெய்து புல்விதை விளைந்தால் கிடைத்த நாளுக்குள் அவசரமாகக் குஞ்சு பொரிக்கும். இங்கே நாங்கள் தினமும் தண்ணீரும் தினையும் வைக்கிறோம். அதற்கு எப்போதும் மழைக்காலம்தான், எப்போதும் முட்டி வேண்டும். வெளியில் அது கூட்டமாகத்தான் திரிகிறது. தன் கூட்டு வாசலுக்குக் கிட்ட வருகிறதை மட்டும் கொத்தும், கொத்து வாங்கினது பறந்து போய்விடும், அதோடு கதை முடிந்தது. எட்டடிக் கூட்டில் எங்கே போகும்? திரும்பவும் அதே வாசலுக்கு முன்னால்தான் வந்து இருக்கும். இறகைப் பிடுங்குவதும் பெரும்பாலும் நெருக்கத்தால் வருகிறதுதான். சில சீப்ராக்கள் தன் முட்டிக்கு மெத்தை போடவும் பக்கத்தில் இருக்கிறதன் இறகையே உருவும்.

பெங்கலீஸின் கதை வேறு. பெயர்தான் வங்காளம், உருவாக்கினது யப்பான்காரர். அதன் பாட்டன் முப்பாட்டன் எங்கள் வயலில் கதிர் முற்றினால் வந்து இறங்குகிற, முதுகில் வெள்ளைப் பட்டை வைத்த நெல்லுக்குருவி இனம்தான். தலைமுறை தலைமுறையாகக் கூட்டில் வளர்ந்து சாதுவாகிவிட்டது. மற்றக் குருவியின் முட்டையைக் கொடுத்தாலும் அடைகாத்து வளர்க்கும். இரவில் எல்லாம் ஒரே முட்டிக்குள் நெருக்கியடித்துப் படுக்கும். அடிக்கிறவனுக்கு அதைவிட வசதியான அயலவன் கிடைக்கமாட்டான்.

(இதற்குக் கீழே வந்து சாதி, இனம், நாட்டு அரசியல் என்று கருத்து எழுதப் போகிறவர்களுக்கு: தயவுசெய்து வேண்டாம். நான் குருவியைத்தான் கதைக்கிறேன்.)

ஜாவாவை மட்டும் நான் நியாயப்படுத்தப் போவதில்லை. சீப்ராவைப் போல இரண்டு மடங்கு நிறை, நெல்லு உடைக்கிற சொண்டு. தீன்தட்டில் அது இறங்கினால் மற்றது எல்லாம் காத்து நிற்கும். என்னிடம் ஒரு சீப்ராவின் கால்விரலே போனது. சின்னக் குருவியோடு அதைப் போடவே கூடாது. லவ் பேர்ட்ஸும் அப்படித்தான், சின்னக் குருவியின் காலைக் கடித்துக் குதறிவிடும்.

இப்போது என் கூட்டில் ஜாவா இல்லை. நாலு சோடிக்கு எட்டு முட்டி, எல்லாம் ஒரே உயரம். இந்த ஒரே உயரம்தான் பாதிச் சண்டையை நிறுத்தியது. தனி ஆண் ஒன்றும் இல்லை, தீன்தட்டு மூன்று இடத்தில். முட்டை இட்டவுடன் மிச்சத் தும்பை எடுத்துவிடுவேன், இல்லாவிட்டால் கட்டிக்கொண்டே இருக்கும். நடுவில் இலைக்கொப்பு நாலைந்து, துரத்துகிறவனின் கண்ணில் படாமல் இருக்க. குருவி கொத்தித் தின்ன வைக்கிற கணவாய் ஓடு முல்லைத்தீவுக் கடற்கரையில் பொறுக்கினது, அதற்குக் காசு கொடுக்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். சண்டை முற்றாக நின்றதா? இல்லை. காலையில் கொஞ்ச நேரம் துரத்தும், பிறகு அடங்கும். இரத்தம் இல்லை.

தம்பி, அந்தக் குஞ்சை இன்றைக்கே தாய் தகப்பனோடு வேறு கூட்டுக்கு மாற்று. இறகு திரும்ப முளைக்கும். ஜாவாவுக்குத் தனிக்கூடு அடி. முட்டி போதாவிட்டால் வந்து எடுத்துக்கொண்டு போ, என்னிடம் நாலு சும்மா கிடக்கிறது.