கேஸ்ட்ரிக் பேண்ட் தானாக இளைக்க வைக்காது

"ஆபரேஷனுக்கு முந்தின நாள் வரை ஆசைப்பட்டதைச் சாப்பிடுங்க, கேஸ்ட்ரிக் பேண்ட் போட்டதும் தானாக இளைச்சிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். (கேஸ்ட்ரிக் பேண்ட் என்பது உடல் இளைக்க இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி மாட்டும் பட்டை.) தயவுசெய்து யாரும் இதை நம்பாதீர்கள். உடல் பருமன் உள்ள பலருக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து பெருத்திருக்கும், அதன் இடது பகுதி இரைப்பையின் மேல்பக்கத்தை மூடிக்கொண்டு கிடக்கும், லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியே செய்யும் ஆபரேஷனில்) அதைத் தூக்கிப் பிடித்தால்தான் பேண்டை மாட்டவே முடியும். அதைச் சுருக்கத்தான் பெரும்பாலும் 2 வாரம் மாவுச்சத்தும் கொழுப்பும் குறைந்த உணவு தருகிறார்கள். அதில் ஏமாற்றினால் ஆபரேஷனைப் பாதியில் நிறுத்த வேண்டிகூட வரலாம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் இந்த உணவைத் தொடங்கும் முன்பே டாக்டரிடம் அளவைக் கேட்டாக வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடலாம்.

அப்புறம் அந்தத் "தானாக". பேண்ட் கெட்டியான உணவைத்தான் தடுக்கும். ஐஸ்கிரீம், மில்க் ஷேக், பாயசம் எல்லாம் வழுக்கிக்கொண்டு போய்விடும். பேண்டோடு குழாயால் இணைத்துத் தோலுக்கு அடியில் வைக்கும் போர்ட் என்ற சிறு அறையில் ஊசியால் உப்புநீர் ஏற்றி, இறக்கி இறுக்கத்தைச் சரிசெய்யப் பல தடவை போய்வர வேண்டும். பேண்ட் நழுவலாம், இரைப்பைச் சுவரை அரிக்கலாம், கழற்ற இன்னொரு ஆபரேஷன். இதனால்தான் இன்று பெரும்பாலான சர்ஜன்கள் ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது), பைபாஸ் (இரைப்பையைச் சிறு பையாக்கி நேராகச் சிறுகுடலோடு இணைப்பது) பக்கம் போய்விட்டார்கள். உங்களுக்குப் பேண்ட் என்று சொன்னால், ஏன் ஸ்லீவ் இல்லை என்று நேராகவே கேளுங்கள்.