அங்கியைப் புரட்டிப் பாருங்கள்

போன சனிக்கிழமை நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், ஸ்டேட்டஸில் புலம்பியிருந்தேன். நாலு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், ஆறவில்லை. மாறுவேடப் போட்டியில் கட்டபொம்மன் வேஷம் போட்டு என் மகன் மேடையில் நிற்கும்போதே நடுவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "பையன் நல்லாப் பேசினான், டிரஸ்தான் வீட்டுல தைச்ச மாதிரி இருக்கு, அடுத்த வருஷம் கடையில வாடகைக்கு எடுத்துப் போடுங்கம்மா" என்றார்.

வீட்டில் தைத்த மாதிரி என்ன, வீட்டில் தைத்ததுதான் ஐயா. வீட்டில் தைத்தால் மட்டம் என்று யார் சொன்னது?

கட்டபொம்மன் வேஷத்துக்கு வாடகைக் கடையில் தொங்குவது பளபளக்கும் சிவப்பு சாட்டின், பிளாஸ்டிக் ஜிகினா, முதுகில் வெல்க்ரோ. அவரைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. அன்றைக்குப் பாலியஸ்டர் ஏது, ஜிப் ஏது, தையல் மிஷின்தான் ஏது? முதல் செயற்கைச் சாயமே 1856-ல்தான் வந்தது. அதுவரை சிவப்புக்குச் சாயவேர், நீலத்துக்கு அவுரி. நம் மனசில் இருக்கிற கட்டபொம்மன் 1959-ல் வந்த சினிமாவின் கட்டபொம்மன். அந்தப் படம் எனக்கும் உயிர், ஆனால் அது சினிமா உடுப்பு.

அதனால் நாலு மீட்டர் காடாத் துணி வாங்கி, சுருங்கி முடியட்டும் என்று ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, அந்தக் கால ஓவியங்களில் வருகிற மாதிரி மார்புக்குக் குறுக்கே மடித்து அக்குளுக்குக் கீழே நாடாவால் முடிகிற அங்கி வெட்டினேன். பொத்தான் கிடையாது. மிஷின் பக்கமே போகவில்லை. ஓட்டுத் தையல், பின் தையல், ஓரத்துக்கு எம்மிங், பதினோரு ராத்திரி. வாளை ஓங்கும்போது கிழியக்கூடாதே என்று அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைக்க வேண்டும், அது கோணிக்கொண்டே போனது, இரண்டு தடவை பிரித்தேன். மேடையில் அவன் கையைத் தூக்கினான், ஒரு நூல் நகரவில்லை. அவனுக்கு முன்னால் போன பையனின் வாடகை டிரஸ் அக்குளோடு கிழிந்து, என் தாலிக்கொடியில் கிடந்த ஊக்கைக் கழற்றி நான்தான் குத்திவிட்டேன். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, அவனைக் குறை சொல்லவில்லை.

இந்தக் கிறுக்கு எனக்கு எங்கே தொற்றியது என்றால், எங்கள் ஆச்சியிடம். ஆச்சி வீட்டில் மிஷின் இல்லை, ரவிக்கை எல்லாம் கைத்தையல்தான். யார் புதுத்துணி கொண்டுவந்து காட்டினாலும் முதலில் புரட்டித்தான் பார்ப்பாள். "ஏட்டி, உள்பக்கத்தப் பாரு, அங்கதான் தைச்சவ கை தெரியும்" என்பாள். பிறகு ஒருமுறை திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள்ளே இருக்கிற ஓவியங்களைப் பார்க்க வாய்த்தது. மாடி மாடியாக ராஜாக்கள், வீரர்கள், குதிரைகள். எல்லாரும் முகத்தைப் பார்த்தார்கள், நான் உடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மாறுவேடப் போட்டிக்கு இவ்வளவு பாடா என்பீர்கள். ஆமாம், இவ்வளவு பாடுதான். கட்டபொம்மன் என்ன உடுத்தினார் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டார், அது நியாயமான கேள்வி. எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் அந்தக் காலத்தில் இருந்திருக்கவே முடியாதவற்றை விலக்கினேன், அதுகூடச் செய்யாமல் சரித்திர வேஷம் என்று எப்படிச் சொல்வது? வாடகைக் கடைக்காரர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அது அவர்கள் பிழைப்பு. வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வீடு திரும்புகிற அம்மாவுக்கு வேறு வழியும் கிடையாது. பரிசு கிடைக்காத ஆத்திரம் என்று எழுதிய தம்பிக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டேன்.

பரிசு யாருக்கு வேண்டும்? வண்ணார்பேட்டை தாண்டும்வரை பேசாமல் வந்த பிள்ளை, பஸ்ஸில் என் காதருகே வந்து, "அம்மா, நம்மகிட்ட வாடகைக்குக் காசு இல்லையா?" என்று கேட்டான். அவனுக்கு எட்டு வயசு. அந்த மைக் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

வீட்டுச் சாப்பாடு என்று போர்டு வைத்தால் கூட்டம் அள்ளுகிறது. வீட்டுத் தையல் என்றால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறது? எங்கள் மதினி போனில் யாரிடமோ, "அவ சும்மாதான் இருக்கா, என்னத்தையாவது தைச்சிட்டு இருப்பா" என்று சொன்னதும் இப்போது சேர்ந்து ஞாபகம் வருகிறது. சும்மா இருக்கிறவள் விரலில் எத்தனை ஊசிக்குத்து இருக்கிறது என்று யாராவது எண்ணியிருப்பார்களா? ஆச்சி செத்துப் பதினாலு வருஷம் ஆகிறது, அவள் தைத்த ரவிக்கை ஒன்று இன்னும் என் பீரோவில் இருக்கிறது, ஒரு தையல் விட்டுப்போகவில்லை. அவளையும் சும்மா இருக்கிறாள் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

அங்கியைத் துவைத்து மடித்து அந்த ரவிக்கைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். நடுவர் ஐயாவும் பாளையங்கோட்டைதான், எங்கள் தெருவுக்கு நடந்தே வந்துவிடலாம். ஒரு நாள் வரட்டும். காபி போட்டுத் தருகிறேன், அங்கியைக் கையில் வாங்கி உள்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு, மேடையில் சொன்னதை என் மகன் முன்னால் இன்னொரு தடவை சொல்லட்டும்.