உருவார மண்ணில் ஸ்டாப் மோஷன் பொம்மை நிற்காது

"ஆல்கொண்டமால் கோயிலுக்கு உருவாரம் செய்யும் அதே மண்ணை எடுத்து, உள்ளே ஜிஐ கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) வைத்தால் ஸ்டாப் மோஷன் பொம்மை தயார்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இதை நம்பிப் பிள்ளைகள் யாரும் இறங்கிவிட வேண்டாம்.

உருவாரம் என்பது கோயிலுக்கு நேர்ந்து வைக்கும் மண் பொம்மை, அது ஒரே நிலையில் நிற்பது. ஸ்டாப் மோஷன் அனிமேஷனில் பொம்மையை ஒவ்வொரு படத்துக்கும் துளித்துளியாக அசைத்து, ஒவ்வொன்றாகப் படமெடுத்து, தொடர்ந்து ஓட்டிக் காட்ட வேண்டும். நொடிக்கு 12 படம் என்றால் அரை நிமிடத்துக்கே 360 படம். அதற்குள் விளக்குச் சூட்டில் மண் காய்ந்து சுருங்கும், உள்ளே இருக்கும் கம்பி சுருங்காது. முழங்கையிலும் முட்டியிலும்தான் முதலில் வெடிப்பு விழும்.

எண்ணெயும் மெழுகும் சேர்ந்த பிளாஸ்டிசின் வாங்குங்கள், அது காயாது. ஆனால் சூட்டில் இளகும். சித்திரை மாதத்து ஈரோட்டில் குண்டு பல்பு வேண்டவே வேண்டாம், எல்இடி போதும்.

கம்பி விஷயம் இன்னும் முக்கியம். ஜிஐ கம்பிக் கையைத் தூக்கி வைத்து விரலை எடுத்தால், கொஞ்சம் கீழே திரும்பி வரும். மெல்லிய அலுமினியக் கம்பி வைத்த இடத்தில் நிற்கும். இரண்டு இழையை டிரில்லில் மாட்டி முறுக்குங்கள். இந்த அலுமினியக் கம்பியைக் கோவையில் மோட்டார் காயில் கட்டும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். முன்கை, தொடைப் பகுதிகளில் எம்-சீல் (பிசைந்து பூசினால் கல்லாக இறுகும் பசை) பூசி எலும்பாக்கிவிட்டு, மூட்டுகளை மட்டும் வெறும் கம்பியாக விடுங்கள். அலுமினியமும் ஒரே இடத்தில் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடியும். அதனால் கையைக் கழற்றி மாற்றும்படி செய்வது நல்லது.

அப்புறம், பாதத்துக்குள் ஒரு நட்டு வைத்து, பலகைக்கு அடியிலிருந்து போல்ட் போட்டு முடுக்குங்கள். நடக்கும் காட்சியில் பொம்மை ஒற்றைக் காலில் நிற்க வேண்டியிருக்கும்.